மேட்டில் நிறுத்திய வண்டி

அக்கா எங்களை விட்டுப் போய் இந்தப் பங்குனியோடு ஓர் ஆண்டு நிறைகிறது. இன்று வீடு தேடி வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், மலையோரத்து ஊர்களிலிருந்து கைக்குழந்தைகளோடு வந்திருக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம். அக்காவைப் பற்றி எழுதித் தரும்படி பெரியப்பா கேட்டபோது முடியாது என்றுதான் முதலில் சொன்னேன். நல்லவர், பொறுமைசாலி, யாரையும் ஒரு சொல் கடிந்து பேசாதவர் என்று எழுதினால் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். அவ்வளவும் உண்மைதான். ஆனால் அதை மட்டும் எழுதினால் நான் தப்பித்துக்கொண்டது போல ஆகிவிடும். அதனால் அவர் ஓட்டிய மோட்டார் சைக்கிளைப் பற்றியும் எழுதுகிறேன். நினைவு மலரில் வண்டி ரிப்பேர் எதற்கு என்று சிலருக்குத் தோன்றும். கடைசி வரை படித்துவிட்டுத் திட்டலாம்.

அக்கா பிறந்தது கருமத்தம்பட்டியில், முன்கட்டில் நான்கு விசைத்தறி ஓடிய வீட்டில். அவருக்கு ஆறு வயது இளையவன் நான். தறிச் சத்தத்தில் வளர்ந்ததால் எங்கள் வீட்டில் யாருக்கும் மெதுவாகப் பேச வராது. அக்கா மட்டும் மெல்லத்தான் பேசுவார், நாங்கள்தான் அருகில் போய்க் கேட்டுக்கொள்ள வேண்டும். பத்து வயதில் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. முழங்கால்கள் இரண்டும் வீங்கி, ஒரு மாதம் பள்ளிக்குப் போகாமல் படுத்திருந்தாராம். வீக்கம் வடிந்து நடக்க ஆரம்பித்ததும் அது என்ன காய்ச்சல் என்று வீட்டில் யாரும் விசாரிக்கவில்லை. அதற்குப் பிறகு எங்களோடு ஓடி விளையாடினால் பாதியிலேயே உட்கார்ந்துவிடுவார். நான் அவரைச் சோம்பேறி என்று கூப்பிடுவேன். அதற்கும் சிரிப்பார்.

படித்து, பயிற்சி முடித்து, தொண்டாமுத்தூர் பக்கம் கிராம சுகாதாரச் செவிலியராக வேலைக்குச் சேர்ந்தார். அங்கேயே பழுதான மோட்டார்களுக்குக் காயில் கட்டும் தொழில் செய்த மாமாவுக்கு அவரைக் கட்டிக் கொடுத்தோம். மூன்றாவது வருடம் மாமா மஞ்சள் காமாலையில் போய்விட்டார். குழந்தை இல்லை. மாமாவின் வண்டி ஒன்று மிஞ்சியது. ஆறு மாதம் சாக்குப் போட்டு மூடிக் கிடந்த அந்த வண்டியை ஒருநாள் அக்காவே வெளியே தள்ளி வந்து, பக்கத்துக் காலி இடத்தில் தானாகவே ஓட்டிப் பழகினார். சேலையைத் தூக்கிச் செருகி, உள்ளே மாமாவின் பழைய பேண்டைப் போட்டுக்கொண்டு அவர் போவதைப் பார்த்து நம் சொந்தத்தில் யார் யார் என்னென்ன பேசினார்கள் என்பது அவரவருக்குத் தெரியும். பெயர் எழுதவில்லை. வண்டியை விற்றுவிட்டு மொபெட் வாங்கிக்கொள்ளச் சொன்ன பெரியம்மாவுக்கு, “இதே போதுங்க பெரியம்மா” என்று மட்டும் பதில் சொன்னார்.

அவர் பொறுப்பில் நான்கு ஊர்கள் இருந்தன. இரண்டு ஊர்களுக்குப் பஸ் கிடையாது. தென்னந்தோப்புகளுக்கு நடுவில், யானை இறங்கும் வழியில் போக வேண்டும். பனிக்கட்டி கரைவதற்குள் தடுப்பூசிப் பெட்டி போய்ச் சேர வேண்டும் என்பதால் விடிந்ததும் கிளம்பிவிடுவார். வண்டி கிளம்பினால்தான் அவருக்கு அன்றைய வேலை. அந்த வண்டி மக்கர் செய்கிறது என்று ஒரு கார்த்திகை மாதத்தில் எனக்குத் தெரிய வந்தது.

நான் ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்தவன். பீளமேட்டில் ஒரு பம்புசெட் கம்பெனியில் சோதனைப் பிரிவில் வேலை. எங்கள் குடும்பத்தில் யார் வீட்டு மிக்சி நின்றாலும் எனக்குத்தான் ஆள் வரும். அந்த மிதப்பு எனக்கு நிறையவே உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் நிதானமாக எழுந்து, காந்திபுரம் போய் பஸ் மாறி, அக்கா வீடு போய்ச் சேர மதியம் ஆகிவிடும். வண்டி எப்போதும் தெருக்கோடி மேட்டில் நின்றிருக்கும். என்ன கோளாறு என்று கேட்டேன். “காத்தால மட்டும் சித்த மொரண்டு பண்ணுது கண்ணு” என்றார். நான் உதைத்துப் பார்த்தேன். ஒரே உதையில் கிளம்பியது. முதல் ஞாயிறு பிளக்கை மாற்றினேன். அடுத்த ஞாயிறு கார்புரேட்டரின் கிண்ணத்தைக் கழற்றி, பெட்ரோல் வரும் ஜெட்டை ஊதிச் சுத்தம் செய்தேன். மூன்றாவது ஞாயிறு பிளக்குக்குத் தீப்பொறி அனுப்பும் பாயிண்ட்டைத் தேய்த்து, பெட்ரோல் வடிகட்டியையும் பார்த்தேன். மூன்று முறையும் வேலை முடிந்ததும் ஓர் உதை, வண்டி உறுமியது. மூன்று முறையும் அக்கா, “நல்லா ஆயிருச்சு கண்ணு, கை கழுவிட்டு வா” என்று சோறு போட்டார். நானும் பெரிய டாக்டரைப் போலக் கை கழுவிவிட்டுச் சாப்பிட்டேன்.

பிறகு கருமத்தம்பட்டியில் ஒரு கல்யாணத்தில், தொண்டாமுத்தூரிலிருந்து வந்திருந்த ஒருவர், உங்கள் அக்கா தினமும் காலையில் வண்டியைத் தள்ளிக்கொண்டே கிடக்கிறாரே, நீங்கள் எஞ்சினியர்தானே என்று பந்தியில் வைத்துக் கேட்டுவிட்டார். எனக்கு அக்காவின் மேல் இரக்கம் வரவில்லை. என் வேலையை ஒருவர் குறை சொன்னது பற்றித்தான் எரிச்சல் வந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

அடுத்த நாள் உக்கடத்தில் எனக்குப் பழக்கமான ஒரு பாயின் கடைக்குப் போனேன். வண்டிகளுக்கான கேபிள்களைக் கட்டிக் கொடுப்பவர் அவர். நான் செய்த வேலைகளை ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். கையைத் துடைத்துக்கொண்டே முழுவதையும் கேட்டவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“வண்டி நல்லா ஆறிக் கெடக்கறப்ப ஒதச்சுப் பாத்தீங்களா தம்பி?”

பார்க்கவில்லை. நான் போகும் நேரமெல்லாம் எஞ்சின் சூடாகவே இருந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையில் அக்காவுக்கு எங்கும் போகிற வேலை இல்லையே, பிறகு எப்படிச் சூடாக இருந்தது என்று அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. பாய் பொறுமையாக விளக்கினார். குளிர்ந்த எஞ்சின் கிளம்பக் கூடுதல் பெட்ரோல் வேண்டும். அதற்குத்தான் கைப்பிடியில் சோக் லீவர் இருக்கிறது. சூடான எஞ்சினுக்குச் சோக் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அதனால் சூடான வண்டியில் எத்தனை ஞாயிறு பார்த்தாலும் சோக் கெட்டுப்போனது தெரியாது. படித்தவர்களும் இதில்தான் கோட்டை விடுகிறார்கள், விடியற்காலையில் போய்ப் பாருங்கள் என்றார்.

மார்கழி மாதம். முதல் பஸ்ஸைப் பிடித்துப் போனேன். வருகிறேன் என்று சொல்லவில்லை. மலையிலிருந்து பனி இறங்கித் தெரு சரியாகத் தெரியவில்லை. மேட்டில் அக்கா தலையில் சால்வையைச் சுற்றிக்கொண்டு வண்டியைப் பிடித்திருந்தார். பின்னால் பக்கத்து வீட்டு ராசாத்தி அக்கா தள்ளினார். வண்டி சரிவில் உருண்டு, இரண்டு முறை இருமி, நின்றுவிட்டது. இருவருமாக அதைத் திருப்பி மேட்டுக்குத் தள்ளி வந்தார்கள். மறுபடி உருட்டினார்கள். மூன்றாவது முறை மேட்டுக்கு வந்ததும் அக்கா வண்டியை ராசாத்தி அக்கா கையில் விட்டுவிட்டு, ஓரத்துக் கல்லில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி, வாயால் மூச்சு வாங்கினார். உதடு நீலமாக இருந்தது. ராசாத்தி அக்கா முந்தானையால் விசிறினார்.

என்னைப் பார்த்ததும் அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் மூச்சு விட்டுக்கொண்டே, “ஏன் கண்ணு… சொல்லாமக் கொள்ளாம வந்துட்ட… டீ குடிச்சியா?” என்றார்.

நான் கேட்டது இது: “சோக் இழுத்தீங்களா அக்கா?”

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளிலும் நான் வருவதற்குள் இதே போலத் தள்ளிக் கிளப்பி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, மேட்டில் நிறுத்தி வைத்திருக்கிறார். தம்பி வாரம் தவறாமல் மெனக்கெட்டு வந்து பார்க்கிறான், கிளம்பாமல் போனால் அவன் மனது சங்கடப்படும் என்பதற்காக. விருந்தாளிக்கு முன்னால் வீட்டுக் குறையைக் காட்டக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். தம்பியையும் அவர் விருந்தாளியாகத்தான் வைத்திருந்தார்.

அன்று பெட்ரோல் டேங்கைக் கழற்றினேன். சோக் லீவர் பிடிப்பே இல்லாமல் லேசாக ஆடியது. டேங்குக்கு அடியில் கேபிள் வளைகிற இடத்தில், உறைக்குள்ளே கம்பி அறுந்திருந்தது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. மேலே லீவரை எவ்வளவு இழுத்தாலும் கார்புரேட்டருக்குள் பிளஞ்சர் என்னும் சின்னப் பித்தளைத் துண்டு எழும்பவே இல்லை. அதைக் குறட்டால் மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு ராசாத்தி அக்காவை உதைக்கச் சொன்னேன். பனியில் விறைத்துக் கிடந்த வண்டி இரண்டாவது உதையில் கிளம்பியது. அந்த நிமிடம் நான் பட்ட சந்தோஷத்தை நினைத்தால் இன்றும் கூசுகிறது. அன்றே உக்கடம் போய் பாயிடம் புதுக் கம்பி வாங்கி, அதன் முனையில் ஈயக் குமிழைப் பற்றவைத்துக் கொண்டுவந்து பூட்டினேன். லீவர் தளர்ந்த நிலையில் கம்பி கொஞ்சம் தொய்வாக இருக்க வேண்டும் என்று அவர் சொன்னபடியே சரிபார்த்தேன். மறுநாள் விடியற்காலையில் சோக்கை இழுத்து ஓர் உதை. அக்காவே உதைத்தார். மூச்சு ஏன் அப்படி வாங்கியது என்று கிளம்புகிற அவசரத்தில் கேட்டேன். பனி ஒத்துக்கொள்ளவில்லை என்றார். நம்பிவிட்டு முதல் பஸ்ஸில் வேலைக்குப் போனேன்.

மூன்றாவது வாரம், தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்த இடத்திலேயே அக்கா மயங்கி விழுந்தார். ஊர்க்காரர்கள் காய்கறி டெம்போவில் படுக்க வைத்துக் கோவைக்குக் கொண்டு வந்தார்கள். இதயத்தின் வால்வு ஒன்று சுருங்கிப் போயிருக்கிறது, சிறு வயதில் வந்த காய்ச்சலின் மிச்சம் அது என்றார் டாக்டர். இரண்டு வருடம் முன்பு வந்திருந்தால் வால்வை விரித்துவிட்டிருக்கலாம், இப்போது இதயம் தாங்காது என்றார். நடந்தால் மூச்சு வாங்குவது எப்போதிருந்து என்று என்னைக் கேட்டார். வாரம் தவறாமல் போய் வந்த எனக்குப் பதில் தெரியவில்லை. பின்னால் நின்றிருந்த ராசாத்தி அக்காதான் பதில் சொன்னார்.

“ரெண்டு வருசமா இருக்குதுங்க. போன பனியிலிருந்து படுக்கவும் முடியறதில்லீங்க. செவுத்துல சாஞ்சு உக்காந்துட்டேதான் தூங்குவாங்க.”

நாலு ஊருக்கும் போய், கர்ப்பிணிகளிடம் கால் வீங்குகிறதா, மூச்சு வாங்குகிறதா, மறைக்காமல் சொல்லம்மணி என்று கேட்டுக் கேட்டு எழுதியவர் அக்கா. தனக்கு என்ன என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

அதன் பிறகு ஏழு வாரம் இருந்தார். நல்லது நடக்கும் என்று நாங்கள் யாரும் நம்பவில்லை, அவரும் நம்பவில்லை. தொண்டாமுத்தூர் வீட்டுக்கே போக வேண்டும் என்றார். தலையணைகளை அடுக்கி உட்கார வைத்தோம். தனக்குப் பதிலாக வந்த செவிலியரிடம், எந்த ஊரில் எந்தக் குழந்தைக்கு எந்த ஊசி பாக்கி என்று மூன்று நாளாக விட்டு விட்டுச் சொல்லி முடித்தார். நான் விடுப்புப் போட்டுக்கொண்டு அங்கேயே இருந்தேன். வண்டி தினமும் காலையில் ஒரே உதையில் கிளம்பியது. கிளம்பி என்ன செய்ய? பங்குனியில் ஒரு காலை நேரம், டம்ளரைக் கையில் வாங்கியவர் குடிக்காமலே போய்விட்டார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். டெம்போவை நிறுத்திக் காய்களை இறக்கிவிட்டு அக்காவை ஏற்றி வந்தவர்களுக்கும், பொய்யான நம்பிக்கை தராமல் உண்மையைச் சொன்ன டாக்டருக்கும், அடக்கத்தன்று கடையை அடைத்துவிட்டு வந்து வெயிலில் நின்ற பாய்க்கும், அக்காவின் ஊர்களை ஏற்றுக்கொண்ட செவிலியருக்கும், வேலை நாளென்று பாராமல் தறியை நிறுத்திவிட்டு வந்த கருமத்தம்பட்டி உறவுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

ராசாத்தி அக்காவுக்கு நன்றி சொல்வதற்கு முன் மன்னிப்புக் கேட்க வேண்டும். அடக்கம் முடிந்த அன்று, இத்தனை பேருக்கு நடுவில், தெரிந்திருந்தும் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று அவர் மேல் பாய்ந்தேன். அவர் தலை குனிந்து நின்றதை நீங்களெல்லாம் பார்த்தீர்கள். தப்பு அவர் மேல்தான் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனவர்களும் உண்டு. எல்லோரும் போன பிறகு அவர் என்னிடம் வந்து சொன்னதை இதுவரை நான் யாரிடமும் சொல்லவில்லை. இன்று எழுதுகிறேன்.

“அன்னைக்கு நீங்க வந்தப்பவே சொல்லிப்போடலாம்னுதானுங்க தம்பி வாயெடுத்தேன். அக்கா எம்மொகத்தையே பாத்தாங்க. செரி, தம்பியே கண்ணால பாத்துட்டாரு, அவரே கேப்பாருன்னு இருந்துட்டேன். நீங்க வண்டியப் பத்தித்தானுங்க கேட்டீங்க.”

தம்பி