கை டாக்டரின் கட்டைவிரல்

ஓசூரில் ‘கை டாக்டர்’ என்றால் யேசுராஜ்தான். இருபது வருஷமாக அப்படித்தான். சிப்காட்டில் பிரஸ் மெஷின் யார் விரலை நசுக்கினாலும் கம்பெனி வண்டி நேராக அவர் வாசலில்தான் வந்து நிற்கும். நொறுங்கின மணிக்கட்டுக்குத் தகடு வைப்பார், அறுந்த நரம்பைத் தேடிப் பிடித்துத் தைப்பார். தைத்த கையைத் தூக்கிக்கொண்டு அழுகிறவனைக் கன்னடத்திலும் தெலுங்கிலும் அதட்டியே விரல் மடக்க வைத்துவிடுவார். மனுஷனுக்கு அந்தப் பெயர்மேல் அவ்வளவு ஆசை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆஃப்ஷீன் வந்தாள். கிருஷ்ணகிரி மாங்காய் மண்டிக்காரர் மகள். துண்டாகிப்போன விரலை மைக்ராஸ்கோப் வைத்து ஒட்டுகிறாள். ஒட்டினது பிழைக்கவும் செய்கிறதே, அதுதான் கொடுமை! ‘இனி ஆகாது’ என்று யேசுராஜ் கைவிடுகிற விரலெல்லாம் அவளிடம் போனால் அசைகிறது. கம்பெனி வண்டிகள் பாகலூர் ரோட்டில் இருக்கிற அவள் ஆஸ்பத்திரி பக்கம் திரும்ப ஆரம்பித்தன. இவருக்கு வயிறு எரிந்தது. சும்மா இல்லை, திகுதிகுவென்று எரிந்தது. அவளிடம் காட்டினவர்கள் யாராவது வந்தால் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்ப்பார், ஒரு ஸ்க்ரூவாவது கோணலாக இருக்காதா என்று. இருக்காது. பெயரைக்கூடச் சொல்ல மாட்டார். ‘அந்தப் பொண்ணு’தான்.

“அந்தப் பொண்ணு உங்களை என்னங்க பண்ணுச்சு?” என்று மனைவி ஜெபசீலி கேட்டால், தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார்.

இப்படி இருக்கையில்தான் அவருடைய வலது கட்டைவிரல் மக்கர் பண்ணியது. மடக்கினால் மாட்டிக்கொள்ளும், நிமிர்த்தினால் ‘டக்’கென்று உயிர்போகிற வலி. ஒருநாள் ஆபரேஷன் நடுவில் கத்தரி வளையத்துக்குள் விரல் சிக்கிக்கொள்ள, நர்ஸ் ராஜலட்சுமிதான் இழுத்து விடுவித்தாள். விரல் போனால் தொழில் போச்சு. தொழில் போனால் யேசுராஜ் யார்? ஊசி போட்டுப் பார்த்தும் கேட்கவில்லை. விரலடியில் தசைநாணைச் சுற்றி இறுகிப்போன உறையைக் கீறித் திறந்தே ஆகவேண்டும். ஒட்டினாற்போல் உணர்வு நரம்பு ஓடுகிற இடம் அது. கத்தி கொஞ்சம் பிசகினாலும் விரல் நுனி மரத்தது மரத்ததுதான்.

யாரிடமும் சொல்லாமல் பெங்களூருக்கு ஓடினார். கூடப்படித்த சுரேந்தர் அங்கே பெரிய சர்ஜன்.

“டேய், உனக்கென்ன கிறுக்கா? உங்க ஊர்ல ஆஃப்ஷீன் இருக்கறப்போ இங்க ஏன்டா வந்தே? என் கையா இருந்தாலும் அவகிட்டதான் நீட்டுவேன்.”

திரும்பும் வழியில் அத்திப்பள்ளி வரைக்கும் சுரேந்தரைத் திட்டிக்கொண்டே வந்தார். ஆனால் அவன் சொன்னது நிஜம் என்று இவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? அவள் வேலையை இவரைப்போல உற்று உற்றுப் பார்த்தவர் ஊரிலேயே கிடையாது.

அடுத்த வாரம் அவள் மேஜைமேல் கையை நீட்டினார். கையை மட்டும் மரக்கவைத்திருந்தாள். ஆள் முழிப்பாகத்தான் இருந்தார். மறைப்புத் துணி கட்டவும் விடவில்லை. தப்பு கண்டுபிடிக்கவென்றே தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். சின்னக் கீறல். அவசரமே இல்லாத கை. நரம்பை ஓரமாக ஒதுக்கி உறையைத் திறந்தாள்.

“சார், இப்போ மடக்கிப் பாருங்க.”

மடக்கினார். நிமிர்த்தினார். ஒரு தடங்கல் இல்லை. அடிப்பாவி, இவ்வளவு சுத்தமாகவா! இத்தனை வருஷத்தில் தன் கை ஒருநாளாவது இப்படி வேலை பார்த்திருக்கிறதா என்று யோசித்தார். இல்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வழிந்தது.

ஆஃப்ஷீன் பார்த்துவிட்டாள்.

“வலிக்குதா சார்?”

“ஆமா” என்றார்.

மரத்துப்போன கை வலிக்காது என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

“சரிங்க சார், இன்னும் கொஞ்சம் மருந்து போடறேன்” என்றாள் ஆஃப்ஷீன்.