ரவிக்கையின் உள்தையல்

அம்மாவின் ஜென்ம நட்சத்திரம் திருவாதிரை. மற்றவர்களுக்கு அர்ச்சனைத் தட்டை நீட்டும்போது மட்டும் உதவுகிற சமாச்சாரம், என்னை மொட்டை மாடிக்கே ஏற்றிவிட்டது. பனிக்காலம் முழுக்க, வேலை விட்டு வந்ததும் பைனாகுலரும் கையுமாக மேலே போய்விடுவேன். அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் வானம் கொஞ்சம் இருட்டாக இருக்கும். நேற்றைவிட இன்று திருவாதிரை ஒரு துளி மங்கலோ என்று பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். அவ்வளவு பொறுப்பு எனக்கு!

போன ஞாயிறு எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளிடம் அதைப் பற்றிப் பேசுவதாக இருந்தேன். காலையில் கூடத்தில் ஒத்திகை. திருவாதிரை மாதிரி வயதான நட்சத்திரம் ஊதிப் பெருத்து, தன் உடம்பையே கொஞ்சம் கொஞ்சமாக உதறும். உதறியது தூசியாகி, கூடுகூடாக அதைச் சுற்றி நிற்கும். அந்தக் கூடுகளைப் பார்த்தே அது எப்போதெல்லாம் இழந்தது என்று சொல்லிவிடலாம். நன்றாகத்தான் வந்தது.

நடுவில் அம்மா ஒரு ரவிக்கையோடு வந்தாள். "இத்த கொஞ்சம் புடிச்சிக் குடுடி. தொளதொளன்னு கீது."

"எப்பப் பாத்தாலும் இதே வேலையாம்மா உனக்கு?" என்று எரிந்து விழுந்துவிட்டு, தையல் மெஷினில் உட்கார்ந்து ரவிக்கையை உள்பக்கம் திருப்பினேன்.

பழைய தையலுக்கு உள்ளே ஒரு தையல். அதற்கும் உள்ளே இன்னொன்று. அன்றன்றைக்கு மெஷினில் இருந்த நூல்: நீலம், வெள்ளை, மெரூன். எல்லாம் நான் போட்டவை. துவைத்துத் துவைத்துத் துணி தளர்ந்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போட்டவை.

நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தேன். கஞ்சி போட்ட சேலை விறைப்பாக நின்றது. அதற்குள் அவள் பாதிதான் இருந்தாள்.

"எப்பலேந்தும்மா இப்படி எளைச்சே?"

"பசியே எடுக்கலடி. சொல்லலாம்னுதான் வருவேன். நீ மேல போய்க்கினு இருப்ப."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள். வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. அன்று பிள்ளைகளிடம் நான் பேசப் போகவில்லை.

நாளை அம்பத்தூரில் ஸ்கேன். மருத்துவர் இன்னும் எதுவும் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக் கேட்கும் தைரியமும் எனக்கு இல்லை.

சற்று முன் அம்மா கூப்பிட்டாள். "அந்த ரவிக்கையப் புடிச்சிட்டியா? நாளிக்கு அதான் போட்டுகினு வரணும்."

"இதோம்மா."

மெரூன் கோட்டுக்கு உள்ளே இன்னொரு கோடு போட்டுக் கொடுத்தேன்.