‘ஏறு’ என்பதே பாடம்

வாய்மொழிப் பாட்டுகளைத் தேடி ஊர் ஊராகப் போகிறவனுக்கு ஒலிப்பதிவுக் கருவி ஒன்றும் குறிப்பேடு ஒன்றும் வற்றாத பொறுமையும் போதும் என்று எழுதுவார்கள். நாய்க்கடிக்குப் பதினான்கு ஊசி தாங்கிய வயிறு ஒன்றும் வேண்டும் என்பதை எவரும் எழுதுவதில்லை.

என்னைப் போல் முப்பது ஆண்டுகள் ஒலிநாடாக்களைச் சுமந்து அலைந்த அன்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாடுகிறவர் வாய் திறப்பதற்கு முன்பே அவர் வீட்டு நாய் வாய் திறந்துவிடும். நான் இருமுறை கடிபட்டவன். கருங்குழிக்கு அருகே நடவுப் பாட்டு கேட்கப் போனபோது வாங்கிய கடியின் தழும்பு கெண்டைக்காலில் இன்னும் இருக்கிறது. அப்படிப்பட்டவன் தொண்ணூறுகளின் கடைசியில், ஓய்வு பெற்ற பிறகு, ஒரு நாயைத் தானே விரும்பி வீட்டுக்கு அழைத்து வந்தான், அதிலும் பார்வை குறைந்த நாயை அழைத்து வந்தான் என்றால், அதற்குத் தக்க காரணம் இருந்திருக்க வேண்டும். இருந்தது.

நாற்பதில் ஒன்று

மாமல்லபுரத்துக் குப்பம் ஒன்றில் வலை இழுக்கும் பாட்டைப் பதிவு செய்துகொண்டு திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. சாலையோரத்தில் கைவிடப்பட்ட நாய்களுக்கான காப்பகம் ஒன்று இருந்தது. அதன் கூரைக்கடியில் ஒதுங்கினேன். அதை நடத்தியவர் ஸ்டெல்லா அம்மாள், ஓய்வு பெற்ற செவிலியர். அங்கிருந்த நாற்பது நாய்களும் ஒரே சுருதியில் என்னை வரவேற்றன. நாடா நனைந்துவிட்டதோ என்னும் அச்சத்தில் கருவியை ஓடவிட்டேன். ஓரத்துக் கூண்டில் இருந்த எட்டு மாதப் பெட்டைக் குட்டி ஒன்று மட்டும் பாட்டு தொடங்கியதும் குரைப்பதை நிறுத்தியது. தலையை ஒருபுறம் சாய்த்து, காது இரண்டையும் தூக்கி, பாட்டு முடியும் வரை அசையாமல் கேட்டது. என் சொற்பொழிவு எதையும் எவரும் அப்படிக் கேட்டதில்லை.

அதற்கு இடக்கண் பால்போல் வெளுத்திருந்தது. வலக்கண்ணில் நிழல் அசைவது மட்டும் தெரியும். மற்ற நாய்களோடு விட்டால் அதற்குச் சோறு கிடைக்காது, கடிதான் கிடைக்கும் என்பதால் தனிக் கூண்டு. இரண்டு குடும்பங்கள் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்து விட்டிருந்தன. நான் அழைத்துப் போகட்டுமா என்று கேட்டதும் ஸ்டெல்லா அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஒரு மாசம் வச்சிப் பாருங்க சார். வீட்டு வாசலத் தாண்டி அது தானா போய்த் தானா வரணும். முப்பதாம் நாள் நான் நேர்ல வந்து பாப்பேன். முடியலன்னா இந்தக் கூண்டுதான், சாகுற வரைக்கும்.”

பெயர் சூட்டல்

நெற்றியில் கறுப்பாக ஒரு வட்டம் இருந்ததால் என் மனைவி வேதவல்லி அதற்குப் ‘பொட்டு’ என்று பெயர் வைத்தாள். அவள் திருநெல்வேலிக்காரி, வைத்த பெயரை மாற்றமாட்டாள். செங்கல்பட்டில் எங்கள் வீட்டுக்கு எதிரே இஸ்திரி வண்டி போட்டிருந்த ஏழுமலை, பெயரையும் கேட்டு, நாயின் கண்ணையும் பார்த்து, பெட்டியை நிமிர்த்தி வைத்தார். குருடு என்பதற்குப் ‘பொட்டை’ என்றும் ஒரு சொல் உண்டென்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் சொன்னார்: “பொட்டக் கண்ணுக்குப் பொட்டுன்னே பேரா? நல்லாத்தான் ஆராய்ச்சி பண்ணிக்கீறே சார்.”

மூன்று வாய், மூன்று பாடம்

எங்கள் வாசலுக்கும் தெருவுக்கும் நடுவே திறந்த சாக்கடை ஓடுகிறது. அதன்மேல் ஒரு கற்பலகை. வாசலிலிருந்து ஓரடி இறங்கினால் பலகை. பலகையிலிருந்து அரையடி ஏறினால் தெரு. கண்ணுள்ளவர்களுக்கு இது ஒரு பொருட்டன்று. பொட்டுவுக்கு அதுவே கடல். அங்கே நான் ‘மேலே’ என்பேன். வேதவல்லி ‘பைய, பைய’ என்பாள். எதிரிலிருந்து ஏழுமலை ‘கால தூக்கு’ என்பார். மூன்றையும் ஒரே நேரத்தில் கேட்ட பொட்டு, மூன்றுக்கும் பொதுவான ஓர் இடத்தில் காலை வைக்கும். அந்த இடம் சாக்கடையாக இருக்கும்.

ஒரே வாரத்தில் நான்கு முறை விழுந்தது. நான்காம் முறை முன்காலைச் சிராய்த்துக்கொண்டு, அதன்பின் வாசல் பக்கம் வரவே மறுத்துச் சமையலறை மூலையில் படுத்துவிட்டது. ஒரு பாட்டுக்கு எத்தனை வாயோ அத்தனை பாடம், அதில் எதுவும் பிழையன்று என்று முப்பது ஆண்டுகளாக மேடையேறிச் சொல்லி வந்தவன் நான். சிராய்ப்புக்கு மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே வேதவல்லி சொன்னாள்: “உங்க பாடபேதம் எல்லாம் நோட்டோட இருக்கட்டும். இந்தப் பிள்ளைக்கு ஒரு வார்த்தைய ஒரே வார்த்தையா சொல்லிக் குடுங்க.”

திருத்திய பதிப்பு

அன்று மாலையே செம்பதிப்புப் பணி தொடங்கியது. ‘ஏறு, இறங்கு, நில்’ என்று மூன்று சொற்களைத் தாளில் எழுதி வாயிற்கதவில் ஒட்டி, தெருவினர் அனைவரும் இவற்றையே வழங்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். மூன்று நாளிலேயே குறை தெரிந்தது. ‘இறங்கு’ என்பதை எங்கள் தெருவில் ஒருவரும் அப்படிச் சொல்வதில்லை. எல்லோர் வாயிலும் அது ‘எறங்கு’. ‘ஏறு’ என்பதற்கும் ‘எறங்கு’ என்பதற்கும் தொடக்கம் ஒன்றுபோலவே ஒலிப்பதால், கீழே வைக்க வேண்டிய காலைப் பொட்டு மேலே தூக்கியது. எழுத்தில் எதிரெதிராக நின்ற இரண்டு சொற்கள் வாயில் உடன்பிறப்புகளாகிவிட்டதை நான் கவனிக்கத் தவறியிருந்தேன்.

வேதவல்லி ‘கீழ’ என்றால் போதும் என்றாள். அப்படியே திருத்தினேன். எஞ்சியிருந்தது ‘நில்’. இலக்கணப்படி அது வழுவற்ற சொல். அதை விட எனக்கு மனம் வரவில்லை. ஏழுமலை வண்டியை விட்டு வந்து தாளை எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த பேனாவைத் தாமே வாங்கி ஒரு ‘லு’ சேர்த்தார். “நில்லுன்னு எழுது சார். நில்லுன்னு சொன்னாத்தான் நாங்களே நிப்போம்.”

பன்னிரண்டாம் நாள் பொட்டு சமையலறையை விட்டு வெளியே வந்தது. பதினைந்தாம் நாள், ‘கீழ’ என்றதும் காலைக் கீழே நீட்டித் துழாவி, பலகையைத் தொட்டு, அதன்மேல் நின்றது.

சேறு

அப்போது என் நூல் ஒன்று அச்சில் இருந்தது. மெய்ப்புத் தாள்கள் மேசைமேல் கிடந்தன. மழை நாளில் பதிவு செய்த வலைப் பாட்டையும் கடைசி நேரத்தில் அதில் சேர்த்திருந்தேன். குப்பத்தில் தேசிங்கு என்னும் மீனவர் பாடிய அந்தப் பாட்டில் ‘மணல்மேல சேறு’ என்றொரு தொடர் அடிக்கடி வரும். கடற்கரை மணலில் சேறு எப்படி வந்தது? இதற்கு விடையாக ஒன்றரைப் பக்கம் அடிக்குறிப்பு எழுதியிருந்தேன். முட்டுக்காட்டு உப்பங்கழி முற்காலத்தில் தெற்கே இவ்வளவு தொலைவு பரவியிருக்க வேண்டும், அந்தக் கழிச் சேற்றின் நினைவே பாட்டில் தங்கியிருக்கிறது என்பது என் முடிபு. சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஒரு நிலப்படமும் வரைந்திருந்தேன்.

மெய்ப்பு ஒப்பு நோக்குவதற்காக நாடாவை ஓடவிட்டேன். பொட்டு அறையின் நடுவே, சமதரையில் நின்றுகொண்டிருந்தது. ‘மணல்மேல சேறு’ என்று வந்ததும் முன்காலைத் தூக்கியது. தூக்கிய காலுக்கு மேடு எதுவும் கிடைக்காததால் மெல்லக் கீழே வைத்தது. அடுத்த அடி, மறுபடி சேறு, மறுபடி கால். நாடாவைப் பின்னோக்கி ஓட்டி ஓட்டி ஒன்பது முறை சோதித்தேன். ஒன்பது முறையும் கால் எழுந்தது. வாசலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்த வேதவல்லி சொன்னாள்: “அது சரியாத்தாங்க கேக்குது. அந்த ஆளு ‘ஏறு’ன்னு பாடுதாரு. ‘ஸ்’ஸுன்னு இரையிறது அலை.”

பேருந்தில் ஏறியவள்

மூலப் பாடகரிடம் கேட்டு உறுதி செய்யாமல் ஒரு பாடத்தை மாற்றும் வழக்கம் எனக்கு இல்லை. சாட்சியை வீட்டில் விட்டுவிட்டுப் போவதும் முறையாகத் தோன்றவில்லை. எனவே பொட்டுவையும் அழைத்துக்கொண்டு செங்கல்பட்டுப் பேருந்து நிலையத்துக்குப் போனேன். நாயைப் பேருந்தில் ஏற்றமாட்டார்கள் என்பது தெரியும். நடத்துநரிடம் என்ன சொல்லிக் கெஞ்சுவது என்று நான் வாக்கியம் அமைத்துக்கொண்டிருந்தபோது, அவர் கூட்டத்தை நோக்கி வழக்கம்போல் ‘ஏறு, ஏறு, ஏறு’ என்று குரல் கொடுத்தார். சொல்லுக்கு ஒரு படியாக மூன்று படி ஏறிப் பொட்டு உள்ளே போய்விட்டது.

“நாய எறக்கு சார்” என்றார் நடத்துநர். பிறகு அதனிடமே ‘எறங்கு, எறங்கு’ என்று சொல்லிப் பார்த்தார். அந்தச் சொல் எங்கள் பதிப்பில் நீக்கப்பட்ட சொல் ஆகையால் பொட்டு அதைப் பொருட்படுத்தாமல் உட்கார்ந்துகொண்டது. அதன் கண்ணை அவர் அப்போதுதான் பார்த்தார். நான் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னேன். அவர் விசிலை வாயில் வைத்தார், மறுபடி எடுத்தார். “நான் ஏறுன்னேன், அது ஏறிச்சி. என் பேச்சக் கேட்டு ஏறினத நானே எறக்கினா நல்லாவா இருக்கும்? கடைசி சீட்டாண்ட குந்த வச்சிக்க சார்.”

கரையில் வழக்கு

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கரைவலையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கயிற்றைப் பிடித்தபடி பின்னோக்கி நடந்து, மணல்மேட்டின்மேல் அடியடியாக ஏறுவது அவர்கள் முறை. தேசிங்கு பாடிக்கொண்டிருந்தார். நான் எழுதியிருந்ததைப் படித்துக் காட்டியதும் பாட்டை நிறுத்தினார். “இன்னா வாத்தியாரே, கடக்கரையில ஏதுய்யா சேறு? உன் வூட்டாண்ட சாக்கடையில இருந்து வாரிக்கினு வந்தியா?” கயிறு பிடித்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஒன்றரைப் பக்கம் கடலில் போய்க்கொண்டிருந்தது.

அவர் மறுபடி எடுத்துப் பாடினார். ‘மணல்மேல ஏறு’ என்ற இடத்தில் இழுப்பவர்கள் ஓரடி பின்வைத்து ஏறினார்கள்; கயிற்றின் ஓரமாகப் பொட்டுவும் ஓரடி ஏறியது. அடுத்த ‘ஏறு’க்கு அடுத்த அடி. வாலைத் தூக்கிக்கொண்டு, ஒருமுறைகூட இடறாமல், மேட்டின் உச்சி வரை அது பாட்டோடு போயிற்று. அதுவரை அந்த நாய் வாலைத் தூக்கி நான் பார்த்ததில்லை. அந்தப் பாட்டு எதற்காகப் பாடப்படுகிறது என்பதும் அன்றுதான் எனக்கு விளங்கியது. கயிற்றை இளைஞர் ஒருவர் கையில் கொடுத்துவிட்டுத் தேசிங்கு என்னிடம் வந்தார். “அன்னிக்கும் ஏறுன்னுதான் பாடினேன். நீ எழுதிக்கினே இருந்தே வாத்தியாரே, கேக்கல. இதுக்கு எழுதத் தெரியாது, அதான் கேட்டுக்கிச்சு.”

முப்பதாம் நாள்

ஸ்டெல்லா அம்மாள் சொன்னபடியே காலையில் வந்தார். நான் பொட்டுவின் அருகே போய் நின்றதும் கையை நீட்டித் தடுத்தார். “நீங்க உள்ள போங்க சார். பேசாதீங்க. நீங்க பாட்டுக்கு ஊர் ஊரா போயிடுவீங்க. நீங்க இல்லாதப்ப இது என்ன பண்ணுதுன்னுதான் பாக்கணும்.” நான் இதை எதிர்பார்க்கவில்லை. சன்னல் வழியாகப் பார்த்தபடி நின்றேன். கதவிலிருந்த தாள் இரவு மழையில் நனைந்து எழுத்தெல்லாம் கரைந்திருந்தது.

பொட்டு வாசலுக்கு வந்து, மூக்கை நீட்டி, காத்திருந்தது. எதிரே ஏழுமலை பெட்டியை நிமிர்த்தினார். “கீழ கண்ணு.” காலைக் கீழே வைத்துப் பலகையில் நின்றது. அப்போது தண்ணீர் லாரி ஒன்று தெருவில் பின்பக்கமாக வந்தது. “நில்லுடி” என்றார் ஏழுமலை. அதே நேரத்தில் பக்கத்து வீட்டம்மாள் மாடியிலிருந்து “நில்லும்மா” என்றார். பொட்டு பலகையின் விளிம்பில் கல்லைப் போல் நின்றது. லாரி போயிற்று. “ஏறு தாயி” என்று ஒரு குரல். தெருவில் ஏறி, இஸ்திரி வண்டி வரை போய், சக்கரத்தை முகர்ந்து, திரும்பி, ஏழுமலையின் இன்னொரு ‘கீழ’வுக்குப் பலகையில் இறங்கியது. “ஏறுட்டி, என் ராசாத்தி” என்று வேதவல்லி வாசலில் நின்று அழைக்க, பலகையிலிருந்து வீட்டுக்குள் தாவியது.

நான் விதித்தது மூன்றே சொற்கள். தெரு அவற்றை வால் சேர்த்தும் நீட்டியும் தன் விருப்பப்படியே வழங்கியிருக்கிறது. பொட்டு சொல்லின் வேரைப் பிடித்துக்கொண்டு வாலைச் சொன்னவர்களுக்கே விட்டுவிட்டது. வேர் பாட்டுக்குரியது, வால் பாடுகிறவருக்குரியது என்பதைத்தான் முப்பது ஆண்டுகளாக நான் மேடைகளில் நிறுவ முயன்று தோற்றுக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா அம்மாள் கைப்பையிலிருந்து ஒப்படைப்புத் தாளை எடுத்துக் கையெழுத்திட்டு என்னிடம் கொடுத்தார். தெருவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். “ஒரு வீட்டுக்குத்தான் குடுத்தேன்னு நெனச்சேன் சார். தெருவுக்கே குடுத்திருக்கேன் போல.”

அடிக்குறிப்பு

உப்பங்கழியையும் நிலப்படத்தையும் மெய்ப்பிலிருந்து நீக்கி, அந்த இடத்தில் ‘ஏறு என்பதே பாடம், திருத்தியவர்: பொட்டு, செங்கல்பட்டு’ என்று ஒரே வரி சேர்த்தேன். நூல் வெளிவந்தபோது, அது யாரோ ஒரு பாடகி என்று கருதிய அச்சகத்தார் மரியாதைக்காக ‘திருமதி பொட்டு’ என்று போட்டிருந்தார்கள். இத்தனை ஆண்டுத் தொழிலில், பிழையென்று தெரிந்தே நான் திருத்தாமல் விட்ட பாடம் அது ஒன்றுதான்.