கட்டை மாமா டிராக்டர் பார்த்த கதை

என் அக்கா வீட்டுக்காரர் ஆறடி உயரம். ஆனால் பஸ் டிப்போவில் அவருக்குப் பெயர் கட்டை. முப்பது வருடமாக அங்கே பிரேக் பார்க்கும் மெக்கானிக். எந்த வண்டி நின்றாலும், சக்கரத்துக்கு அடியில் ஒரு மரக்கட்டையைச் செருகாமல் கிட்டே போகமாட்டார். அந்தக் கட்டை நாளடைவில் அவருடைய தோள்பைக்கே குடிவந்துவிட்டது. ஒருமுறை என் ஸ்கூட்டருக்கும் வைத்தார். பார்க்காமல் கிளப்பி, வாசலிலேயே நான் மூக்கை உடைத்துக்கொள்ள இருந்தேன். இவ்வளவுக்கும் மாமா எந்த வண்டியும் ஓட்டியதில்லை. உள்ளே என்னென்ன தேயும் என்று தெரிந்தவன் எப்படி ஓட்டுவான் என்பார்.

அக்கா நேர் எதிர். கல்யாணத்துக்கு முன்பே அப்பாவின் லாரியை ஓட்டியவள். இரண்டரை ஏக்கர் நிலத்தை அவள்தான் கட்டி மேய்க்கிறாள். நிலம் சரிந்துகொண்டே போய் ஒரு கிணற்றில் முடியும். கிணற்றின் சுற்றுச்சுவர் முழங்கால் உயரம்தான். வாடகை டிராக்டர்காரர்கள் பெரிய நிலங்களை முடித்துவிட்டு எங்களிடம் வருவதற்குள் மண்ணில் ஈரம் போயிருக்கும். இரண்டு வருடம் இப்படிப் போனதும், சொந்தமாக ஒரு சின்ன டிராக்டர் வாங்கியே தீருவது என்று அக்கா முடிவு கட்டினாள். ஓட்டப்போவது அவள். தேர்ந்தெடுப்பது மாமா. வினை அங்கேதான் வந்தது.

எட்டு மாதம் ஞாயிறுதோறும் என்னையும் இழுத்துக்கொண்டு அலைந்தார்கள். ஒரு வண்டி அகலம் அதிகம், வேலியோரம் திரும்பாது. இன்னொன்று கனம் அதிகம், மண் இறுகிவிடும். மூன்றாவதன் முன்னால் குந்தி உட்கார்ந்து எனக்குப் பாடமே நடத்தினார். டிராக்டரில் பின்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பிரேக் மிதி உண்டாம். இரண்டையும் சேர்த்துப் பூட்டும் கொக்கி அதில் தேய்ந்துபோயிருந்ததாம். அதுவரை நியாயம். பிறகு குறையே இல்லாத வண்டிகளுக்கும் சீட் சரியில்லை, சத்தம் சரியில்லை என்று சாக்குச் சொல்ல ஆரம்பித்தார். பழைய வண்டி விற்கும் தரகர் கேட்டே விட்டார்.

"சார், நீங்க டிராக்டர் பாக்குறீங்களா, மாப்பிள்ளை பாக்குறீங்களா?"

மாமா சளைக்கவில்லை. பயந்தாங்கொள்ளி என்று நானும் முகத்துக்கு நேராகவே சொன்னேன். அதற்கும் சிரித்தார். ஒன்றை மட்டும் நான் பார்த்தும் யோசிக்காமல் விட்டேன். அக்கா டிராக்டரில் ஏறும்போதெல்லாம் அவர் வண்டியைப் பார்க்கமாட்டார், அவள் காலைத்தான் பார்ப்பார். தெருவில் அவளுக்குப் பின்னாலேயே நடப்பார். திடீரென்று குனிந்து அவள் செருப்பை எடுத்துக் கொடுத்து, வார் தளர்ந்துவிட்டது என்பார். எட்டு மாதத்தில் மூன்று ஜோடி புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தார்.

கடைசியில் ஒரு சிவப்பு வண்டி வந்தது. மாமா குடைந்து குடைந்து பார்த்தும் அதில் குறை அகப்படவில்லை. அக்கா பொறுமை இழந்து, வண்டியை நிலத்துக்கே கொண்டுவரச் சொல்லிவிட்டாள்.

கலப்பை மாட்டாமல் வெறும் வண்டியை வரப்போரத் தடத்தில் இறக்கினாள். மாமா கையில் கட்டையோடு பின்சக்கரத்தின் பக்கத்திலேயே ஓட்டமும் நடையுமாக வந்தார். நான் கிணற்றோரம் நின்றேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. அக்காவோ என்னைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டு வந்தாள்.

கிணற்றுக்கு இருபதடி இருக்கும்போது நிறுத்துவதற்காக கிளட்சை மிதித்தாள். இன்ஜின் சத்தம் தணிந்தது. வண்டி நிற்கவில்லை. சரிவில் இன்னும் வேகமாக உருள ஆரம்பித்தது. அப்போதும் அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். பிரேக்கை மிதித்துக்கொண்டிருப்பதாகவே அவள் நம்பினாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் ஏதோ விபரீதம் என்று எனக்குப் புரிந்தது.

"காலப் பாரு!" என்று அலறினார் மாமா.

அவள் குனிந்து பார்த்தாள். மாமா கட்டையைப் போட்டு, சக்கரத்துக்கு முன்னால் காலால் உதைத்துத் தள்ளினார். சக்கரம் அதில் பாதி ஏறி, ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. நான் கையை நீட்டியிருந்தால் முன்சக்கரத்தைத் தொட்டிருப்பேன்.

"மிதிச்சேனே," என்றாள் அக்கா. "நல்லா அழுத்தித்தான மிதிச்சேன்."

அவளுடைய வலது கால் மிதிக்குப் பக்கத்தில் இருந்த தகட்டின் மேல் இருந்தது. அதில் செருப்பு இல்லை. அது பத்தடி பின்னால் தடத்தில் கிடந்தது. மாமா போய் எடுத்து வந்து, அவளிடம் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"வார் ஒருநாளும் தளரல," என்றார். "செருப்பு கழண்டது உனக்குத் தெரியல. எட்டு மாசமா தெரியல."

அக்காவுக்குச் சர்க்கரை உண்டு. மாமாவின் அண்ணனுக்கும் இப்படித்தான் கால் மரத்துப்போய், கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று.

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா உனக்கும் எடுக்கணும்னு சொல்லிருவாங்களோன்னு பயம். சொல்லாம விட்டா இப்படி ஆகுமோன்னு பயம். அதான் வண்டியவே குறை சொல்லிட்டு இருந்தேன்."

அக்கா திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் குனிந்து, தன் கால்விரல்களை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் பார்த்தாள். ஐந்தாவது விரலையும் கிள்ளிவிட்டு நிமிர்ந்தபோது, கிணற்றைக் கண்டு வராத பயம் அவள் முகத்தில் வந்திருந்தது.

அன்றே மருத்துவமனைக்குப் போனோம். காலை எடுக்கவேண்டிய நிலை வரவில்லை, போன உணர்ச்சி திரும்புமா என்று சொல்லமுடியாது, தினமும் பாதத்தில் புண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். மாமா காலையில் டிப்போவுக்குக் கிளம்புமுன் டார்ச் அடித்து அவள் பாதத்தைப் பார்க்கிறார்.

அந்தச் சிவப்பு வண்டியையே வாங்கினார்கள். ஐம்பத்துமூன்று வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டவர் மாமா. உழவன்று முதல் கியரைத் தாண்டமாட்டார். உதடு காய்ந்து, சட்டை நனைந்து, பார்க்கப் பாவமாக இருக்கும். அக்கா ஷூ போட்டுக்கொண்டு, கிணற்றுப் பக்கமாகக் கையில் கட்டையோடு கூடவே நடப்பாள்.

போன வாரம் அவளுடைய வலது ஷூவின் கயிறு அவிழ்ந்து தரையில் இழுபட்டது. மாமா அதைப் பார்த்துப் பாதி உழவில் வண்டியை நிறுத்தி இறங்கினார். கட்டையை வாங்கிச் சக்கரத்துக்கு வைத்துவிட்டு, அவள் காலடியில் உட்கார்ந்து கயிற்றைக் கட்டினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் போய், கட்டை சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று ஒருமுறை காலால் தட்டிப் பார்த்தேன்.