உறைக்கு வெளியே கட்டிய பட்டை

வேதச் சுருளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதர் கேமராவைப் பார்த்துப் பல்லைக் காட்டியதை இந்தக் கண்ணால் பார்த்தேன். அன்று காலை சாப்பிட்ட மூன்று இட்லியும் நெஞ்சுக்கு வந்துவிட்டன. அவருடைய மதம் என் மதம் அல்ல. அந்தச் சுருளில் ஒரு எழுத்தும் எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் அந்த அருவருப்பு இன்னும் போகவில்லை.

நாகர்கோவிலில் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மனைவி போன பிறகு, துபாயில் மகன் வீட்டுக்கு வந்தவன் நான். வீடு சத்வாவில், தையல் கடைகளுக்குப் பின்னால். மகன் வேலை செய்யும் கம்பெனி வில்லாக்களைப் பராமரிக்கிறது. அவற்றில் ஒன்று ஜுமேராவில் இருக்கிறது. அதை யூதர்களின் சிறு குழு ஒன்று பிரார்த்தனைக்கு வாடகைக்கு எடுத்திருந்தது.

"வீட்ல உக்காந்து லிஃப்ட் எத்தனை தடவ ஏறி இறங்குதுன்னு எண்ணிட்டு இருக்கதுக்கு, அங்க போயி உக்காருங்கப்பா" என்றான் மகன். நானும் போய் உட்கார்ந்தேன். சாவி, ஏசி, தேநீர், வருகிறவர்கள் யார் என்று பார்ப்பது, இவ்வளவுதான் டியூட்டி.

முதல் வாரத்திலேயே கூடத்தில் நாற்பத்திரண்டு நாற்காலி இருப்பதையும் அதில் இரண்டு நொண்டி என்பதையும் கண்டுபிடித்துவிட்டேன். ஆட்களையும் விரல் நீட்டி எண்ணத் தொடங்கினேன். "ஒண்ணு, ரெண்டு, மூணு..."

யாரோ என் விரலை மடக்கினார்கள். பார்த்தால் என்னைவிட வயதான ஒரு மனிதர், வெள்ளைச் சட்டை, தலையில் சின்னத் தொப்பி.

"எண்ணண்டா சாரே. ஆளை இங்ஙனெ எண்ணான் பாடில்ல, கேட்டோ."

ஜுமேராவில், யூதர்களின் கூடத்தில், மலையாளம்! அவர் கொச்சியில் பிறந்தவர். சிறு வயதில் பெற்றோருடன் இஸ்ரேலுக்குப் போனவர். இப்போது மகளுக்கு இங்கே வேலை என்பதால் அவளோடு வந்து இருக்கிறார். மனிதர்களை எண் சொல்லி எண்ணக் கூடாது என்பது அவர்கள் வழக்கமாம். பத்துச் சொல் உள்ள ஒரு வேத வரி உண்டு. தலைக்கு ஒரு சொல்லாகச் சொல்லிக்கொண்டே போவார்கள். வரி முடிந்தால் பத்து ஆண்கள் இருக்கிறார்கள் என்று அர்த்தம். சொல் மிஞ்சினால் ஆள் போதாது, அன்றைக்குச் சுருளை வெளியே எடுக்க முடியாது. எனக்கு அந்த வரி தெரியாது. அதனால் வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் எண்ணினேன். மனதுக்குள் எண்ணினாலும் தப்புதானோ என்ற பயம் வேறு.

நான் அவரைச் சேட்டா என்று கூப்பிட்டேன். அவருக்கு நான் சாரே.

அந்தச் சுருளைப் பற்றி அவர்தான் எனக்குச் சொன்னார். தோலில் கையால் எழுதி, தோலோடு தோல் சேர்த்துத் தைத்து, இரண்டு மரத்தடிகளில் இரு பக்கமும் சுற்றியிருக்கும். வாசித்து முடித்ததும் ஒருவர் அதை மேசையில் மூன்று பத்தி தெரிகிற அளவுக்கு விரித்து, தடிகளின் கீழ்ப்பிடியைப் பிடித்து, மேசை விளிம்பில் ஊன்றி, நிமிர்த்தித் தூக்க வேண்டும். அப்படியே திரும்பி எழுத்தை எல்லோருக்கும் காட்ட வேண்டும். கூடம் முழுக்க எழுந்து நிற்கும். சிலர் சுண்டு விரலை அந்த எழுத்தை நோக்கி நீட்டுவார்கள். பிறகு தூக்கியவர் நாற்காலியில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொள்வார். இன்னொருவர் அதைச் சுருட்டிப் பட்டை கட்டி, அதற்கு மேல் வெல்வெட் உறை போடுவார். தூக்குவது பெரிய மரியாதை. சுருட்டுவது அதற்கு அடுத்தபடி.

"எத்தனை கிலோ இருக்கும் சேட்டா?"

"பத்து, பன்னிரண்டு வரும். எந்தா, தராசு கொண்டு வரான் போறியா?"

"போனா என்ன?"

"சாரே, அது அரிசிச் சாக்கோ!"

சேட்டாவுக்கு அந்தச் சுருளைத் தூக்க வேண்டும் என்று ஆசை. ஆசை என்று சொல்வது குறைவு. அவர் தகப்பனார் குடியேறிய ஊரில், தன் கடைசிக் காலம் வரை அதைத் தூக்கியவர். தகப்பனாரின் நினைவு நாள் ஒரு வியாழக்கிழமையில் வந்தது. வியாழன் காலையிலும் அவர்கள் சுருளை வாசிப்பார்கள். அன்று தானே தூக்குவதாகப் பிரார்த்தனை நடத்துபவரிடம் கேட்டு வாங்கியிருந்தார். சேட்டாவின் இடது மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருந்தது. அறுவை சிகிச்சைக்கு இஸ்ரேலில் நாள் குறித்தாகிவிட்டது. அதற்குப் பிறகு பிடிமானம் திரும்புமோ என்னவோ என்று டாக்டரே கையை விரித்துவிட்டார்.

"இந்தக் கைய வெச்சிட்டு எப்பிடித் தூக்குவீரு?" என்று நான் கேட்டேன்.

அவர் பான்ட்ரியிலிருந்து இரண்டு டிஷ்யூ பேப்பர் ரோல் எடுத்து வந்தார். சுருள் முழுவதையும் வாரம் கொஞ்சமாக ஒரு வருஷத்தில் வாசித்து முடிப்பார்களாம். வருஷ ஆரம்பத்தில் பாரம் எல்லாம் இடது தடியில் இருக்கும். வாசிக்க வாசிக்கச் சுருள் வலது பக்கம் ஏறும். கடைசியில் வலதுதான் கனம். நடுவில் சில வாரங்கள் இரண்டும் சமமாக நிற்கும். தகப்பனாரின் நாள் சரியாக அந்த வாரங்களில் விழுகிறது. ரோலைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார். எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. இப்படிக் கணக்காகப் பேசுகிற மனிதரை நான் பார்த்து வெகுகாலம் ஆயிற்று.

பிறகு தினமும் பான்ட்ரியில் கைக்கு ஒன்றாக இரண்டு ஐந்து கிலோ அரிசிப் பைகளைத் தூக்கிப் பழகினார். இடது கை நடுங்கும். "கீழ போட்டுராதியும், பொறுக்கப் போறது நான்தான்" என்று நான் பதறுவேன். "நீ பொறுக்கும். எண்ணி எண்ணிப் பொறுக்கும்" என்று சிரிப்பார்.

வியாழன் வந்தது. சேட்டா சலவைச் சட்டையில் வந்திருந்தார். மனதுக்குள் எண்ணினேன். ஒன்பது. மறுபடி எண்ணினேன். அதே ஒன்பது. பிரார்த்தனை நடத்துபவர் பொறுமையான மனிதர். வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டார். ஒருவர் அபுதாபியில் இருந்தார். ஒருவருக்குக் காய்ச்சல். கடைசியில் ஒரு ஆள் அகப்பட்டார். அகப்பட்டார் என்பதைவிட, நாம் அவரிடம் அகப்பட்டோம் என்று சொல்ல வேண்டும்.

உடற்பயிற்சி வீடியோ போடுகிறவர் அவர். சட்டை பொத்தான் வெடித்துவிடும் போன்ற உடம்பு. வரும்போதே பின்னால் கேமராவோடு ஒரு ஆள். கைகொடுப்பதற்கு முன்பே ஆங்கிலத்தில் கேட்டார்:

"தூக்குறது நான்தானே? ஃபோன்லயே சொன்னேன். இல்லைன்னா எனக்கு இப்பவே வேற வேலை இருக்கு."

பிரார்த்தனை நடத்துபவர் தரையைப் பார்த்தார். பிறகு சேட்டாவைப் பார்த்தார்.

இந்த இடத்தில் யாரையும் நான் ஒரேயடியாகக் குறை சொல்லமாட்டேன். இந்த வகை ஆள் எல்லா மதத்திலும் உண்டு. எங்கள் ஊர்க் கோயிலில் முதல் மரியாதைக்கு இரண்டு குடும்பம் கைகலந்து, பரிவட்டத்தை இரண்டாகக் கிழித்தது. இங்கே துபாயில் நம் சங்கத்து விழாவில் குத்துவிளக்கின் ஐந்து முகத்துக்கும் ஐந்து ஸ்பான்சர். ஐந்தாமவர் தீக்குச்சியைப் பிடித்தபடி போட்டோக்காரனுக்காகக் காத்திருந்து விரலைச் சுட்டுக்கொண்டார். அன்றும் எனக்குக் குமட்டியது. ஆனால் அந்த விளக்கு ஒருவருடைய தகப்பனுக்காக ஏற்றப்பட்டது அல்ல.

"சேட்டா, முடியாதுன்னு சொல்லும். வெளிய போன்னு சொல்லும்" என்று அவர் காதில் சொன்னேன்.

"அயாள் போனா ஒன்பது, சாரே." முதல் முறையாக அவர் வாயிலிருந்து எண் வந்தது. "பத்துப் பேர் இல்லாதே அப்பனு பிரார்த்தனை சொல்ல முடியாது. சுருளும் எடுக்கான் பற்றில்ல. அயாள் தூக்கட்டே."

"அப்போ உமக்கு?"

"ஞான் சுருட்டாம்."

வாசிப்பு நடந்தது. அந்த ஆள் மேசைக்குப் போனார். மூன்று பத்தி விரிக்க வேண்டிய இடத்தில் நான்கு, ஐந்து என்று விரித்துக்கொண்டே போனார். நான் எண்ணினேன். ஏழு! தூக்கினார். தூக்கி அகட்டிப் பிடித்தார். தோல் விறைத்து மேளம்போல் நின்றது. சுண்டு விரல் நீட்ட வந்தவர்களின் விரல் பாதியில் நின்றுவிட்டது. அவர் எழுத்தைக் கூடத்துக்குக் காட்டவில்லை. கேமரா பக்கம் திரும்பினார். பல்லைக் காட்டினார். கையிலே சதை புடைக்கும்படி இன்னும் ஒரு இழுப்பு. கட்டில் நாடா அறுகிற மாதிரி ஒரு சத்தம், மிகச் சின்னது. சேட்டாவின் முகம் மாறியது.

"கிடைச்சுதா? இல்லைன்னா இன்னொரு தடவை தூக்கறேன்" என்றார் அந்த ஆள் கேமராக்காரனிடம்.

சேட்டா இரண்டு எட்டில் அவர் முன்னே போய் நின்று, விரித்த தடிகளில் கைவைத்தார்.

"கலாஸ், ஹபீபி. முடிஞ்சு. உட்காரு."

"ஒரே ஒரு ஷாட், அங்கிள்."

"மாஃபி ஷாட், ஷாட் இல்ல. உட்காரு."

சுருட்ட வந்தவர் கை வைத்துவிட்டால் தூக்கியவர் உட்காரத்தான் வேண்டும். உட்கார்ந்தார். சேட்டா சுருட்டத் தொடங்கினார். அவ்வளவு மெதுவாக யாரும் சுருட்டி நான் பார்த்ததில்லை. ஒரு விரற்கடை சுருட்டுவார், குனிந்து பார்ப்பார், மறுபடி ஒரு விரற்கடை. அந்த ஆளின் பையில் போன் அடித்தது. மடியில் சுருள். இரண்டு கையும் தடியில். எடுக்க வழியில்லை. போன் அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. அவர் நெளிந்தார். உண்மையைச் சொன்னால், அந்த நாளில் எனக்கு அது ஒன்றுதான் ஆறுதல். பழி வாங்குகிறார் என்றுதான் நினைத்தேன்.

அவர் பழி வாங்கவில்லை. தேடிக்கொண்டிருந்தார். ஒரு இடத்தில் நின்று, பிரார்த்தனை நடத்துபவரை விரலால் அழைத்தார். இருவரும் குனிந்தார்கள். இரண்டு தோலைச் சேர்த்த தையலில் பாதிக்கு மேல் விட்டுப்போயிருந்தது. சேட்டா மீதியைச் சுருட்டி முடித்தார். முதலில் வெல்வெட் உறையைப் போட்டார். பிறகு உள்ளே கட்ட வேண்டிய பட்டையை எடுத்து, உறைக்கு வெளியே, எல்லோர் கண்ணிலும் படும்படி சுற்றிக் கட்டினார். இந்தச் சுருள் பழுது, தைத்து வரும்வரை யாரும் வாசிக்க எடுக்காதீர்கள் என்பதற்கு அதுதான் அடையாளமாம். இங்கே இருந்ததே அந்த ஒரு சுருள்தான்.

"பெல்ட்டை ஏன் வெளியே கட்டினீங்க? போட்டோல அசிங்கமா இருக்கு" என்றார் அந்த ஆள்.

பிரார்த்தனை நடத்துபவர் தாழ்ந்த குரலில் விளக்கினார். அந்த ஆள் பட்டையைக் குனிந்து பார்த்தார். வெட்கப்படப் போகிறார் என்று நானும் பைத்தியக்காரன்போல் எதிர்பார்த்தேன்.

"ஆனா முன்னாடி எடுத்த வீடியோ ஓகேதானே?"

எனக்கு வாயெல்லாம் கசந்தது. எச்சில் துப்ப வாஷ்பேசினுக்குப் போனேன். இரண்டு முறை வாய் கொப்பளித்தும் கசப்பு போகவில்லை. திரும்பி வந்தபோது சேட்டா எழுந்து நின்று தகப்பனுக்கான பிரார்த்தனையைச் சொல்லிக்கொண்டிருந்தார். குரல் நடுங்கவில்லை. மற்றவர்கள் அந்தந்த இடத்தில் மறுமொழி சொன்னார்கள். பத்தாவது ஆளும் சொன்னார், போனில் விரலைத் தள்ளிக்கொண்டே.

கூட்டம் கலைந்ததும் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த வாரமாவது தூக்கக் கூடாதா, இன்னும் சமமாகத்தானே இருக்கும் என்று கேட்டேன். எனக்கே தெரிந்த பதில்தான்.

"எங்ஙனெ சாரே? சுருள் தைக்கான் இஸ்ரேலுக்குப் போகணும். ஞானும் அங்கோட்டு. ஒரே ஃப்ளைட்டில் போகும், ரெண்டு பேருக்கும் தையல்." சிரித்தார். பிறகு கண்ணாடி டம்ளரை இடது கையில் வாங்கப் பார்த்து, வலது கைக்கு மாற்றிக்கொண்டார். "அது தைச்சா சரியாகும்."

அன்று மாலை மகன் ஆபீஸிலிருந்து வந்ததும் வராததுமாகப் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினான். "அப்பா, நம்ம வில்லா வீடியோல வந்திருக்கு. எத்தன லைக்ஸ், எண்ணிப் பாருங்க!"

நான் எண்ணவில்லை. ஏழு பத்தியும் விரிந்து நிற்க, அந்த ஆள் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார். சுருட்ட வந்த கைகள் தெரிவதற்கு முன்பே வெட்டியிருந்தார்கள். போனைக் கவிழ்த்து வைக்கச் சொன்னேன். சாப்பாடு வேண்டாம் என்றேன்.