பதினோராவது கேள்வி

கேள்வித்தாளைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவனை வெயிலும் நாயும் மட்டும்தான் ஒழுங்காக வரவேற்கும். அந்தப் பிழைப்பில் அடிபட்ட அத்தனை பேரும் இதைப் படித்துவிட்டுத் தலையாட்டுவீர்கள் என்று தெரியும்.

அறுபதுகளின் கடைசியில் பி.ஏ. முடித்துவிட்டு வீட்டில் தண்டச்சோறு தின்றுகொண்டிருந்தேன். மதுரையில் ஒரு பேராசிரியர் ‘தர்ம ஸ்தாபனங்களின் இடர்ப்பாடுகளும் எதிர்காலமும்’ என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் என் தலையில் விழுந்தது. ஒரு சைக்கிள், ஒரு கட்டுத் தாள், தாளுக்குப் பதினாறு கேள்வி. அதில் பதினோராவது, ‘தங்கள் ஸ்தாபனத்தின் இடர்ப்பாடுகள் யாவை?’

மழை பொய்த்துப்போன வருஷம் அது. அந்தப் பதினோராவது கேள்விக்கு வருகிற பதிலைப் பார்த்துத்தான் எந்தக் கஞ்சித் தொட்டிக்குக் கோதுமை ரவை அனுப்புவது என்று ஒரு நிவாரணக் கமிட்டி முடிவு செய்யப் போகிறது என்றார் பேராசிரியர். அதாவது நான் எழுதினால் ஊருக்குக் கஞ்சி, எழுதாவிட்டால் இல்லை.

பந்தலின் எதிர்காலம்

பாளையம்பட்டியில் ரோட்டோரம் ஒரு தண்ணீர்ப் பந்தல். நடத்தியவர் ஒரு தறிக்காரர். வீட்டுக்குள் தெலுங்கு, என்னிடம் தமிழ். “உறுப்பினர்கள் எத்தனை பேர்?” என்றேன். “குடிக்க வாரவுகளைக் கேக்கீகளா, ஊத்துறவுகளைக் கேக்கீகளா?” என்றார். ஊற்றுகிறவர்கள் என்றேன். உள்ளே தறியில் இருந்த மனைவியிடம் தெலுங்கில் ஏதோ கேட்டார். இழை அறுந்த எரிச்சலில் அந்த அம்மாள் ஒரு சத்தம் போட்டார். “நான் ஒருத்தன்தான்னு எழுதிக்கோங்க. அவ இப்பத்தான் ராஜினாமா பண்ணுனா” என்றார் மனிதர்.

கடைசிக் கேள்வி, பத்து வருஷம் கழித்து ஸ்தாபனம் எப்படி இருக்கும் என்பது. அவர் பந்தலின் கீற்றையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “ஆடிக் காத்துக்கு இது நிக்காது தம்பி, ஆனியிலயே பிரிச்சிருவோம். எதிர்காலத்தைப் பங்குனியில வந்து கேளுங்க.”

கொடுக்காத பாய்

அருப்புக்கோட்டைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடை பாய். அவர் கொடுக்காத ஆளில்லை என்று ஊரே சொல்லிற்று. போய்க் கேட்டால், “நானா? நான் ஒண்ணும் குடுக்குறதில்ல தம்பி, உங்களுக்கு யாரோ தப்பாச் சொல்லிட்டாக” என்கிறார். அந்த நேரம் பார்த்து ஒரு அம்மாள் படியேறி வந்து, “பாய், நேத்துக் குடுத்த சீலை மகளுக்கு நல்லா இருந்துச்சு” என்று கையெடுத்துக் கும்பிட்டார். பாய்க்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. “நீங்க யாருன்னே தெரியாதேம்மா, வேற கடையா இருக்கும்” என்று அவரை விரட்டாத குறையாக அனுப்பிவைத்தார்.

நான் சும்மா இருப்பேனா? பேனாவைத் திறந்தேன். பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். “எழுதிப்புடாதீக தம்பி. பேரு வெளிய வந்தா, குடுத்தது குடுத்ததா இருக்காது.”

பெஞ்சு தர்மம்

பாய்க்கு நேர் எதிர் ஒருவர் இருந்தார். பஸ் நிற்கும் இடத்தில் மர பெஞ்சு போட்டுக் கொடுத்தவர். ‘உபயம்’ என்று சாய்மானம் முழுக்கத் தன் பெயரை எழுதியிருந்தார். நான் போனபோது அதன் நடுவில் துண்டை விரித்து அவரே உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் மூட்டை முடிச்சோடு ஜனம் நின்றுகொண்டிருந்தது. பயனாளிகள் எத்தனை பேர் என்று கேட்டதுதான் தாமதம், பொங்கிவிட்டார். “விடிஞ்சதுல இருந்து ஒரு நிமிசம் இந்தப் பெஞ்சு காலியாக் கெடந்துச்சான்னு நிக்கிறவுகளையே கேட்டுப் பாருங்க!”

ஒரு குறையும் இல்லை

இவர்களையெல்லாம் சிரித்துக் கடந்துவிட்டேன். என்னை முழி பிதுங்க வைத்தவர் முத்தம்மாள் அக்கா. திருச்சுழிக்குப் போகிற வழியில், பருத்தி கருகி நின்ற ஒரு கரிசல் ஊர். கூலி வேலைக்குப் போகிறவர்தான். ஊரில் கம்பும் நொய்யும் கேட்டு வாங்கி, மத்தியானம் இல்லாதவர்களுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார். வரிசையின் கடைசியில் நின்றவர்களுக்கு வந்த கஞ்சியை நான் பார்த்தேன். தட்டில் பூப்போட்டிருந்தது அப்படியே தெரிந்தது.

“அக்கா, என்ன கஷ்டம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, ரவை வரும்” என்றேன். கெஞ்சினேன். காலில் விழாத குறை. நானே எழுதிவிடலாம்தான்; ஆனால் கைநாட்டு வைக்கும் முன் வாசித்துக் காட்டச் சொல்வார். எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. அந்தப் பக்கத்தில் எந்தக் கஞ்சித் தொட்டிக்குப் போனாலும் இதே கதைதான். அக்கா அடுப்பை ஊதிவிட்டு நிமிர்ந்தார். “அடுப்பு எரியிற எடத்துல இல்லைங்கிற வார்த்தையச் சொல்லக் கூடாது தம்பி. ஒரு குறையும் இல்லன்னு எழுதிக்கோங்க.”

கட்டியான கஞ்சி

எல்லாத் தாளிலும் ‘ஒரு குறையும் இல்லை’ என்று இருந்தால் யார்தான் நம்புவார்கள்? பேராசிரியரே ஜீப்பில் வந்து இறங்கிவிட்டார். நேராக முத்தம்மாள் அக்காவிடம் கூட்டிப்போனேன். கண்ணால் பார்த்தால் புரிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். நான் ஒரு மடையன். வந்தவருக்கு அடிக் கஞ்சி ஊற்றுவது அந்த ஊர் மரியாதை என்பதை மறந்துவிட்டேன்.

அக்கா அகப்பையைப் பானையின் அடிவரை விட்டுத் துழாவி, இருந்த பருக்கையை எல்லாம் வழித்து ஒரு கும்பாவில் ஊற்றி அவர் கையில் கொடுத்தார். நான் கண்ணைக் காட்டுகிறேன், கையைக் காட்டுகிறேன், யார் பார்த்தார்கள்? பேராசிரியர் ரசித்துக் குடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “கஞ்சி இவ்வளவு கட்டியாக இருக்கிறதே ஐயா, இவர்களுக்கு ரவை எதற்கு?”

அடுத்த ஊர்

போச்சு, எல்லாம் போச்சு என்று இடிந்துபோனேன். கிளம்புகிற நேரத்தில் வாய்க்கு வந்ததைக் கேட்டேன். “அக்கா, ரெண்டு மைலுக்கு அங்கிட்டு வேலுச்சாமி அண்ணன் கஞ்சித் தொட்டி நடத்துறாரே, அது எப்படி இருக்கு?”

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. “அத ஏன் கேக்கீக! பாவம், அவுக பாடு படாத பாடு. வெறகு இல்லாம வண்டிச் சக்கரத்தையே வெட்டி எரிச்சுட்டாக. ரெண்டு நாளா அடுப்பே பத்த வைக்கல. அவுகளுக்கு ஏதாச்சும் செய்யுங்கய்யா!” பேராசிரியர் எழுதினார், எழுதினார், தாளைத் திருப்பியும் எழுதினார். கீழே சாட்சி என்று முத்தம்மாள் அக்கா சந்தோஷமாகக் கைநாட்டு வைத்தார்.

ஜீப்பை வேலுச்சாமி அண்ணன் ஊருக்கு விடச் சொன்னேன். தனக்கு ஒரு குறையும் இல்லை என்றார் அவர். முத்தம்மாள் அக்காவைப் பற்றிக் கேட்டதும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அந்தப் பிள்ள ஊத்துறது கஞ்சியில்லய்யா, சுடுதண்ணி. வந்தவுகளுக்கு மட்டும் அடியில இருக்கிறத வழிச்சுக் குடுத்துரும். இன்னைக்கு யாரு போயிக் குடிச்சாகளோ, கடைசியில நின்ன நாலு பேரு பட்டினி.” பேராசிரியர் மூடியைத் திருகிப் பேனாவைப் பைக்குள் வைத்தார்.

அதன்பிறகு ஒரு தொட்டியைப் பற்றி அடுத்த தொட்டியில் கேட்டே மிச்சத் தாள்களை நிரப்பினேன். இரண்டு ஊருக்கும் ரவை வந்தது. லாரி முத்தம்மாள் அக்கா ஊரில் மூட்டையை இறக்கியபோது நானும் நின்றேன். அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னை முறைத்தார். “எனக்குக் கஷ்டம்னு எந்தப் பய சொன்னான்? அவன் மட்டும் என் கையில கெடைக்கட்டும். சரி சரி, எறக்குங்க, ஒல கொதிக்குது.”

இன்றைக்கும் யாராவது என்னிடம் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் ஒரு குறையும் இல்லை என்றுதான் சொல்கிறேன். நிஜம் தெரிய வேண்டுமென்றால் அடுத்த வீட்டில் விசாரித்துக்கொள்ளட்டும்.