எபட்டின் கல்யாணக் கவுன்

கெல்டன் ஊரில் விதவை தாமசின் பாஸ்க் வருகிறாள் என்றால் நாய்கூட வழி விடும். அப்படியொரு வாய். சும்மா வந்த கோபமில்லை அது. அரண்மனையில் ஆள் மாறும்போதெல்லாம் அவள் பெற்ற வயிற்றில்தான் அடித்தார்கள்.

ஒரே மகள் எபட், கோயிலில் கல்யாண ஓலை வாசித்த வாரமே காய்ச்சலில் போய்விட்டாள். தைத்து வைத்திருந்த சிவப்புக் கவுனைத் தாமசின் மாதாவுக்குக் கொடுத்தாள். கோயிலில் பீடத்துக்கு முன்னால் குறுக்கே, திராட்சைக் கொடி செதுக்கிய தூண்கள்மேல், ஓக் மரத்தால் செய்த ஒரு மேல்தளம். அதன்மேல் பெரிய சிலுவை, பக்கத்தில் மாதா சுரூபம். கல் சுவருக்குள்ளேயே குடைந்த குறுகலான படிக்கட்டில் முட்டி வலிக்க ஏறி, திருநாள்தோறும் மாதாவுக்கு அந்தக் கவுனை உடுத்திவிடுவாள். பெற்ற பெண்ணுக்கு உடுத்துகிற மாதிரியே இருக்கும் அவளுக்கு.

சின்னப் பையன் ஒருவன் நாட்டுக்கு ராஜாவானதும் கோயிலில் சுரூபமே கூடாது என்று உத்தரவு வந்தது. மேல்தளத்தை அறுத்தார்கள். மாதாவை எரித்தார்கள். சுவர்ச் சித்திரங்கள்மேல் சுண்ணாம்பு அடித்தார்கள்.

"கவுன் எங்கடா?"

"அதுவும் எரிஞ்சுபோச்சுக்கா" என்றான் கோயில் நிர்வாகி ஜெர்வேஸ் டட்னம், முகத்தைப் பார்க்காமல்.

ராஜா செத்தார். அவருடைய அக்காள் ராணியானாள். எல்லாவற்றையும் பழையபடி வை என்று உத்தரவு. ஒளித்தவர்கள் வீட்டு வைக்கோலுக்கடியிலிருந்து மெழுகுத்திரித் தண்டும் பன்றிக் கொட்டிலிலிருந்து பூசை மணியும் வெளியே வந்தன. ஜெர்வேஸ் மட்டும் கையை விரித்தான். பிள்ளை பெற்றிருந்த அவன் மனைவியைப் பார்க்கப் போன தாமசின் அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். கட்டில் கால்கள் மேல்தளத்துத் தூண்கள். செதுக்கிய திராட்சைக் கொடிகூட அப்படியே இருந்தது. தலைமாட்டில் திரையாகத் தொங்கியது எபட்டின் கவுன்.

"ஏண்டா, கோயில் மரத்துல படுத்து, செத்த பொண்ணு துணியைத் தொங்கவிட்டுக்கிட்டு, எப்படிடா தூக்கம் வருது உனக்கு?"

"அக்கா, சத்தம் போடாதீங்க, பச்ச உடம்புக்காரி..."

"போடுவேன்டா! தெருவே கேக்கட்டும்!"

பிடுங்கிக்கொண்டு வந்து, பிரிந்ததையெல்லாம் கூட்டித் தைத்தாள். புது மேல்தளம் எழுந்தது. புது மாதா அதை உடுத்தினாள்.

அந்த ராணியும் போய்ச் சேர்ந்தாள். அவள் தங்கை பட்டத்துக்கு வந்தாள். மறுபடி இறக்கு என்று உத்தரவு. இவர்களுக்கு வேறு வேலையே இல்லையா? ரம்பத்தோடு முதலில் வந்தவன் அதே ஜெர்வேஸ். அதற்குள் தாமசின் மேலே ஏறிக் கவுனைக் கழற்றிவிட்டிருந்தாள்.

"அதையும் எரிக்கணும்கா. சட்டம்."

"உன் சட்டத்தைக் கொண்டுபோய் உன் கட்டில்ல விரி!"

அடுத்த ஞாயிறு பிரசங்கத்தின் நடுவே கதவு திறந்தது. கிழவி தாமசின் நடந்து வந்தாள், இடுப்பில் ஒட்டுப் போட்டு அகலமாக்கிய சிவப்புக் கல்யாணக் கவுனில். மேலே தளம் இல்லாமல் வெறுமனே நின்ற அந்தச் சுவர்ப் படிக்கட்டின் முதல் படியில் உட்கார்ந்தாள். ஜெர்வேஸ் பாய்ந்து வந்தான்.

"சுரூபத்துக்கு உடுத்தக் கூடாதுன்னுதானே உத்தரவு? கிழவி உடுத்தக் கூடாதுன்னு ராணியைச் சொல்லச் சொல்லு, கழட்டித் தர்றேன்."

சாகும்வரை ஞாயிறுதோறும் அதைத்தான் உடுத்தினாள். ராணி ஒன்றும் சொல்லவில்லை.